மூன்று விங்குகளும் ஒரு சாக்கு ஃபோம் துண்டும்

என் முதல் விங் (வால் இல்லாமல் இறக்கையே உடம்பாக இருக்கும், ரிமோட்டில் ஓட்டும் ஃபோம் விமானம்) பறந்தது மொத்தம் நான்கு நொடி. கையை விட்டுப் போனதும் மூக்கைத் தூக்கியது. அந்தரத்தில் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு இடது இறக்கையைச் சாய்த்துக்கொண்டு பம்பரம் போலச் சுழன்று மூக்கால் மண்ணைக் குத்தியது. நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த, விங்கின் கேமரா படத்தைக் காட்டும் காகிள்ஸைக் கண்ணுக்கு இறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அந்த விங்கைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் இரவெல்லாம் வீடியோ பார்த்திருந்தேன். எல்லாமே வேகத்தைக் காட்டும் வீடியோக்கள்.

மைதானத்தில் பல வருடமாகப் பறக்கவிடும் அண்ணன் ஒருவர் மெதுவாக நடந்து வந்து துண்டுகளைப் பொறுக்க உதவினார்.

"சி.ஜி. பார்த்தியா தம்பி?" சி.ஜி. என்றால் எடைமையம், விங்கைத் தூக்கிப் பிடித்தால் சமமாக நிற்கும் இடம்.

"பார்த்தேண்ணே. பேட்டரி அதுக்கு மேல முன்னால போகல, அதான் அப்படியே விட்டுட்டேன்."

"அப்ப நீ சி.ஜி. பார்க்கல. பேட்டரி எங்க நிக்குதுன்னு பார்த்திருக்கே."

அன்று கோபம்தான் வந்தது. ஆனால் விங் வாங்குவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. என்னிடம் இருந்த பேட்டரி அந்த விங்குக்குப் பெரிது. வயிற்றுக்குள் இருந்த குழி சின்ன பேட்டரிக்காக வெட்டப்பட்டது. பெரிய பேட்டரியின் முன்பாதி உள்ளே போகவே இல்லை, எடை பின்னால் தங்கிவிட்டது. வாங்கும்போது நான் பார்த்தது இறக்கை அகலம், நிறம், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண். வயிற்றுக்குழியின் நீளத்தைப் பார்க்கவே இல்லை.

வால் உள்ள விமானத்தில் இந்தத் தவறுக்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. வால் தொலைவில் இருப்பதால் நீண்ட நெம்புகோல் போல வேலை செய்து மூக்கைச் சமாளித்துவிடும். விங்குக்கு அந்த நெம்புகோல் கிடையாது. மூக்கை ஏற்றி இறக்குவதும், இடம் வலம் சாய்ப்பதும் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு எலிவான்களின் வேலை. இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு எழும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் சாயும். அந்த எலிவான்கள் எடைமையத்துக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. கதவைக் கீல் பக்கம் பிடித்துத் தள்ளுவது போல, பலம் இருந்தும் பலன் குறைவு. அதனால்தான் விங்கில் எடைமையம் சில மில்லிமீட்டர் தவறினாலே விஷயம் கெட்டுப்போகிறது.

கணக்காகவே சொல்கிறேன். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சராசரி அகலம் 250 மி.மீ. இருக்கும் ஒரு விங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிச் சரிந்த சாதாரண விங்கில் நடுநிலைப் புள்ளி, அதாவது எடைமையம் பின்னால் தாண்டக்கூடாத எல்லை, அந்தச் சராசரி அகலத்தில் முன்னாலிருந்து ஏறக்குறைய 25 சதவீதத்தில் விழும். எடைமையம் அதற்கு முன்னால் இருந்தால்தான் விங் தானாக நேராகப் போகும். எவ்வளவு முன்னால் என்றால், பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். மில்லிமீட்டரில் 12 முதல் 25 வரை. அதைவிடப் பின்னால் வந்தால் என் முதல் விங்கின் கதி. அதைவிட முன்னால் போனால் எலிவான்களை நிரந்தரமாக மேலே தூக்கி வைக்க வேண்டியிருக்கும். பறக்கும், ஆனால் மாடு ஏர் இழுப்பது போலப் பறக்கும். பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

இதற்கு நேர்மாறான பக்கத்தையும் பாருங்கள். மொத்த எடை 800 கிராம், அதில் பேட்டரி 250 கிராம் என்றால், பேட்டரியை 30 மி.மீ. முன்னால் நகர்த்தினால் எடைமையம் ஒன்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் முன்னால் வரும். உயிர் காக்கும் ஒன்பது மில்லிமீட்டர் அது. எனவே விங் வாங்கும்போது இப்போது நான் முதலில் கேட்பது, பேட்டரி முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் நகரும் என்பதைத்தான். தயாரிப்பாளர் சொல்லும் பேட்டரி அளவைவிட என் பேட்டரி பெரிதா சிறிதா? கேமரா மூக்கில் உட்கார்ந்த பிறகும் அதன் பின்னால் இடம் மிச்சம் இருக்கிறதா? பின்னால் இருக்கும் மோட்டார் தடிமனானதாக இருந்தால் அதை ஈடுகட்ட மூக்கில் இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் வாங்கினால், கடைசியில் மூக்கில் ஈயத் துண்டு ஒட்டிப் பறக்கவிட வேண்டியிருக்கும். ஈயம் மின்சாரம் தராது, படம் பிடிக்காது, வெறும் சுமை.

ஆகவே வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் பேட்டரி, அதற்குப் பிறகு கேமராவும் வீடியோ ட்ரான்ஸ்மிட்டரும், கடைசியாகத்தான் இவற்றைச் சுமக்கப் போகும் ஃபோம். முன்பு இதை அப்படியே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

பேட்டரியில் இரண்டு வழி இருக்கிறது. 4எஸ் லிப்போ (நான்கு லித்தியம் பாலிமர் செல்களை வரிசையாக இணைத்தது), 2200 எம்ஏஎச் கொள்ளளவு என்றால் சுமார் 230 முதல் 250 கிராம். கேட்ட மின்சாரத்தை உடனே கொடுக்கும், எறியும்போது தயங்காது. இன்னொன்று 18650 லித்தியம் அயான் செல்களைச் சேர்த்துக் கட்டுவது. ஒரு செல் சுமார் 48 கிராம். எட்டுச் செல்களை 4எஸ்2பி ஆக, அதாவது இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்த நான்கு ஜோடிகளை வரிசையாகக் கட்டினால் கம்பி, உறையோடு 400 கிராமை ஒட்டி வரும். ஒவ்வொன்றும் 3000 எம்ஏஎச் என்றால் மொத்தம் 6000. மெதுவாகப் பறக்கும் ஒரு மீட்டர் விங் நிதானமான வேகத்தில் 5 ஆம்பியர் இழுத்தால், எண்பது சதவீதம் வரை தீர்த்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதே கணக்கில் அந்த லிப்போ இருபது நிமிடத்தைத் தாண்டினாலே பெரிது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நானும் ஆசைப்பட்டேன். ஆனால் லித்தியம் அயான் செல்களுக்கு ஒரே நேரத்தில் அதிக ஆம்பியர் கொடுக்கப் பிடிக்காது. முழு த்ராட்டிலில் (மோட்டார் முழு வேகத்தில்) எறிந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து திரையில் எச்சரிக்கை பளிச்சிட, நான் பதறிப்போய் த்ராட்டிலைக் குறைத்து, விங்கை முள்ளுச்செடிக்குள் இறக்கினேன். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாரம் இறங்கியதும் வோல்டேஜ் தானாக ஏறியிருக்கும், கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். முதல் விங்குக்கு லிப்போ போதும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். முதல் முப்பது நாற்பது பறத்தல்களில் உங்களுக்கு ஒரு மணி நேரம் தேவைப்படாது. பத்து நிமிடத்துக்கே முழங்கால் நடுங்கும்.

அடுத்தது எடை. 20 சதுர டெசிமீட்டர் பரப்புள்ள விங்கில் மொத்தம் 700 கிராம் ஏற்றினால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 35 கிராம். அதே விங்கில் பெரிய பேட்டரி, ஆக்‌ஷன் கேமரா, ஜிபிஎஸ் என்று ஆசையாக ஏற்றி 1000 கிராம் ஆக்கினால் 50 கிராம். பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும் என்பதால் அது சுமார் இருபது சதவீதம் கூடும். இருபது சதவீதம்தானே என்று தோன்றும். எடையும் கூடி வேகமும் கூடுவதால், இறங்கும்போது தரையில் மோதும் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். எறியும் கைக்கும் அதே கதைதான். ஓடி எறிந்தால்தான் போகும் என்ற நிலை வந்துவிட்டால், பழகாத கை தவறும்.

ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையான இறக்கை அகலத்தைப் பொறுத்தவரை என் கருத்து வெளிப்படையானது: முதல் விங்குக்கு 900 முதல் 1200 மி.மீ. வரை. டிபிஎஸ் கைப்பிரினியா 850 மி.மீ., ரெப்டைல் எஸ்800 820 மி.மீ., சோனிக்மாடல் ஏஆர் விங் 900 மி.மீ. பெயர் சொல்லிக் கேட்கப்படும் இந்த விங்குகள் எல்லாமே கைக்கடக்கமானவை. அந்த அளவிலிருந்து கீழே இறங்க இறங்க, வேகம் கூடும், தவறைத் திருத்திக்கொள்ளும் நேரம் குறையும். ஸ்கைவாக்கர் எக்ஸ்5 1180 மி.மீ., சாதுவான அளவு. அதே பெயரில் வரும் எக்ஸ்8 2122 மி.மீ. அகலம். அதை ஒரு நண்பரோடு சேர்ந்து ஒருநாள் பறக்கவிட்டேன். வானத்தில் பேருந்து மாதிரி நிதானம். ஆனால் எறிவதற்கு ஒரு ஆளும், ரிமோட்டின் ஸ்டிக்கைப் பிடிக்க ஒரு ஆளும், கொண்டுபோக ஒரு வண்டியும் வேண்டும். தனியாகப் போய்ப் பறக்கவிட்டுத் திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது.

இப்போது ஃபோம். இதில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி.

கடையில் பெட்டியைத் திறந்தால் வழவழப்பாக, மெருகோடு இருப்பது பெரும்பாலும் இபிஓ என்ற ஃபோம். அச்சில் வார்த்தெடுத்த வடிவம், மூடி, கேமரா மாட்டும் இடம் எல்லாம் தயாராக வரும். ஒரு மாலையில் கட்டி முடித்துவிடலாம். ஆனால் அடி பட்டால் நசுங்கும், பலமாகப் பட்டால் ரொட்டி பிய்வது போலப் பிய்யும். நசுங்கிய மூக்குக்கு ஒரு வைத்தியம் உண்டு: கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் உள்ளே நசுங்கிய மணிகள் மறுபடி உப்பி எழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மந்திரம் போல இருந்தது. அளவு மீறினால் தோல் புல்லரித்தது போல ஆகிவிடும், பறக்க ஒன்றும் கெடாது.

இபிபி வேறு ரகம். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும். மரத்தில் மோதிக் கீழே விழுந்ததை எடுத்துத் தூசி தட்டி அடுத்த நிமிடமே எறிந்திருக்கிறேன். ஆனால் அதே நெகிழ்வுதான் அதன் நோயும். தனியாக விட்டால் துணி போல வளையும். உள்ளே கார்பன் ராடு பதிக்க வேண்டும், மேலே நார் டேப் ஒட்ட வேண்டும், முடிந்தால் லேமினேஷன் ஃபிலிம் போட்டு இஸ்திரிப்பெட்டியால் தேய்க்க வேண்டும். லிட்டருக்கு 20 கிராம், 30 கிராம் என்று அடர்த்தி வேறுபடும், அடர்த்தி கூடினால் உறுதி கூடும், எடையும் கூடும். ஒரு கிட் கட்டி முடிக்க எனக்கு இரண்டு வாரக் கடைசிகள் ஆயின.

தெர்மோகோல் என்று நாம் சொல்லும் இபிஎஸ் மலிவு, லேசு, ஆனால் நொறுங்கும். சாதாரண சூப்பர் க்ளூ பட்டால் கரைந்து குழி விழும். இதை நான் சொந்தமாகக் கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

என் முதல் விங் இபிஓ. இரண்டாவது இபிபி, 1.2 மீட்டர், நானே கட்டியது. அதுதான் எனக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தது. எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பறக்கத் தெரியாத ஒருவருக்கு இபிபி, பறக்கத் தெரிந்து படத்தில் கவனம் வைக்க விரும்புபவருக்கு இபிஓ, இதுதான் என் கட்சி. ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ வசதிதான், ஆனால் வெயிலில் அரை மணி நேரம் கிடந்த விங்கில் அது இளகும். மோட்டார் மவுண்டை ஒருபோதும் வெறும் ஹாட் க்ளூவில் நம்பி ஒட்டாதீர்கள். கறுப்பு ஃபோம் என்றால் இன்னும் மோசம், வெயிலை உறிஞ்சி உள்ளே இருப்பதை எல்லாம் அவித்துவிடும்.

அந்த இரண்டாவது விங்கிலும் ஒரு பாடம் மறைந்திருந்தது. உயரத்திலிருந்து வேகமாக இறங்கும்போது படம் முழுக்கக் கொழகொழவென்று நடுங்கியது, கீழே நின்ற நண்பனுக்கு 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. "டேய், என்னடா அது, கிழியிற மாதிரி கேக்குது!" எலிவான் படபடத்தது. நீளமான, மெல்லிய, வளையும் எலிவான், மெலிந்த கம்பி, பல் தேய்ந்த சர்வோ (எலிவானை அசைக்கும் சின்ன மோட்டார்). மூன்றும் சேர்ந்தால் ஒரு வேகத்துக்கு மேல் எலிவான் காற்றில் கொடி போல அடித்துக்கொள்ளும். சில நொடி நீடித்தால் கீல் பிய்ந்துவிடும். த்ராட்டிலைக் குறைத்து மெல்ல மூக்கைத் தூக்கித் தப்பித்தேன். உலோகப் பல் உள்ள 9 கிராம் சர்வோ, குட்டையான, தடித்த கம்பி, ஆடாத ஹார்ன் (கம்பியை எலிவானில் மாட்டும் கொம்பு). இவற்றுக்குச் செலவழிப்பது மோட்டாருக்குச் செலவழிப்பதைவிட மேல். வாங்கும் முன் எலிவானைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நுனி ஒரு பக்கமும் அடி ஒரு பக்கமும் போனால், மேலே ஒரு கார்பன் பட்டை ஒட்ட வேண்டியிருக்கும் என்று பொருள்.

எறிவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விங் சாகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

சக்கரம் இல்லை, மோட்டார் பின்னால் இருக்கிறது, ப்ராப், அதாவது மோட்டாரின் காற்றாடி, உங்கள் கைக்குப் பின்னால் சுற்றுகிறது. ஒரு தடவை முதுகுப்பக்கம் பிடித்து, மோட்டாரைச் சுற்றவிட்டுத் தலைக்கு மேல் எறிந்தேன். ப்ராப் நுனி சுண்டுவிரல் நகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. தையல் போடும் அளவுக்கு இல்லை, ஆனால் ஒரு வாரம் ஸ்டிக் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரே விதி: கையை விட்டு விங் போன பிறகுதான் மோட்டார் சுற்ற வேண்டும். ஐநாவ் போன்ற பறத்தல் மென்பொருளில் ஆட்டோ லாஞ்ச் இருக்கிறது. எறிந்த வேகத்தை உணர்ந்து, நாம் வைத்த சிறு தாமதம் கழித்து மோட்டாரைத் தானே ஓட்டி, மூக்கை ஒரே கோணத்தில் பிடித்து ஏற்றும். அது இல்லாமல் தனியாக எறிய வேண்டுமானால், சின்ன விங்கை ஒரு பக்க இறக்கை நுனியைப் பிடித்து வட்டு எறிவது போல எறியலாம். ப்ராப்புக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும், கூடவே சாய்வை உணர்ந்து விங்கைத் தானே நிமிர்த்தும் நம்பகமான ஜைரோவும் வேண்டும். பெரிய விங்குக்கு ரப்பர் கயிறு கட்டி இழுத்துவிடுவதே பாதுகாப்பு.

வயிற்றில் விரல் பிடிக்க ஒரு குழியோ மேடோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பல விங்குகள் அடியில் சோப்பு போல வழுக்கும். எனக்குத் தெரிந்து பலர் நான்கு சென்டிமீட்டர் ஃபோம் துண்டை அடியில் ஒட்டிப் பிடிமானம் செய்துகொள்கிறார்கள்.

ப்ராப் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் விங் சாயப் பார்க்கும். எறிந்த உடனே, வேகம் இல்லாத அந்த ஒரு நொடியில் எலிவானுக்கும் பலம் இருக்காது என்பதால் அந்தச் சாய்வு பெரிதாகத் தெரியும். எறியும்போதே கொஞ்சம் மறுபக்கம் சாய்த்து எறிந்தால் சரியாகிவிடும். மோட்டாரின் உந்துவிசை மொத்த எடையில் முக்கால் பங்காவது இருக்கட்டும். இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். ப்ராப்பில் எழுத்து பொறித்த பக்கம் விங் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பின்னால் மோட்டார் இருக்கும் விங்கில் இதை மாற்றிப் போடுவது மிக எளிது. நண்பன் ஒருவன் மாற்றிப் போட்டு, "மோட்டார் வீக்குடா" என்று இரண்டு வாரம் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

எறியும் முன் இரண்டு சோதனைகள். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் இரண்டு எலிவானும் மேலே வர வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே. இது எல்லாரும் பார்ப்பது. இரண்டாவதைத்தான் மறந்துவிடுவார்கள். ஜைரோ வேலை செய்யும் ஸ்டெபிலைஸ் மோடில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கைத் தொடாமல் விங்கின் மூக்கைக் கையால் கீழே சாய்த்தால், எலிவான்கள் இரண்டும் மேலே எழ வேண்டும். வலது இறக்கையைத் தாழ்த்தினால் வலது எலிவான் கீழே போக வேண்டும். தலைகீழாக நடந்தால் ஜைரோ உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது என்று அர்த்தம், எறிந்த நொடியே குட்டிக்கரணம்தான். ஸ்டிக் சரியாக இருந்தும் ஜைரோ தப்பாக இருக்க முடியும், இரண்டும் வேறு வேறு.

ஜைரோ பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நார்த்ரப் நிறுவனத்தின் ஒய்பி-49 என்ற வாலில்லா ஜெட் குண்டுவீச்சு விமானம் 1947இல் பறந்தது. அதே நிறுவனத்தின் வாலில்லா பி-2 1989இல்தான் பறந்தது. பி-2வில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருந்தது. அந்த வேலையை நம் விங்கில் தீப்பெட்டி அளவு போர்டு செய்கிறது. ஆனால் தவறாக வைத்த எடைமையத்தை அந்தப் போர்டால் காப்பாற்ற முடியும் என்று நம்பி யாரும் எறியாதீர்கள். எலிவானின் கைக்கு எட்டாததைக் கணினியாலும் எட்ட முடியாது.

போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. விங் சமமாகப் பறக்கும்போது அதன் மூக்கு தரைக்குச் சமமாக இருக்காது, சில டிகிரி மேலே இருக்கும். மேசையில் தட்டையாக வைத்து லெவல் காலிப்ரேஷன் செய்துவிட்டு ஆட்டோ லெவலில் விட்டால், மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். மூன்று நான்கு டிகிரி திருத்தம் போட்டால் உயரம் நிற்கும். கேமராவும் அப்படியே. ட்ரோனில் முப்பது டிகிரி மேலே பார்க்க வைத்துப் பழகியவர்கள் விங்கிலும் அப்படி வைத்தால் வானம் மட்டும்தான் தெரியும். விங்கில் கேமரா நேராக, அல்லது ஒரு துளி கீழே பார்த்தபடி இருக்கட்டும்.

எஃப்பிவிக்கு, அதாவது காகிள்ஸில் பார்த்தபடி பறக்கவிடுவதற்கு, ஏற்ற விங்கா என்பதைப் பார்க்க நான் மூக்கைத்தான் முதலில் பார்ப்பேன். கேமரா நுனியில் துருத்திக்கொண்டிருந்தால் முதல் இறக்கத்திலேயே லென்ஸ் மண் தின்னும். கொஞ்சம் உள்ளடங்கி, சுற்றிலும் ஃபோம் இருந்தால் நல்லது. பேட்டரி கேமராவுக்கு நேர் பின்னால் இருந்தால், மோதும்போது அது சுத்தியல் போல முன்னால் பாய்ந்து கேமராவை உடைக்கும். எனக்கு ஒரு கேமரா அப்படித்தான் போனது. நடுவே ஒரு தடுப்பு வேண்டும்.

வீடியோ ட்ரான்ஸ்மிட்டர் காற்று படும் இடத்தில் இருக்க வேண்டும். பறக்கும்போது குளிர்ச்சியாக இருக்கும், தரையில் நின்றால் கொதிக்கும். ஜிபிஎஸ் பிடிக்கும் வரை குறைந்த பவரில் வைத்திருப்பது என் வழக்கம். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பேட்டரியும் கார்பன் ராடும் சுவர் மாதிரி. ஆன்டெனாவை வயிற்றுக்குள் படுக்கப் போட்டால், விங் திரும்பும்போதெல்லாம் படம் அறுந்து அறுந்து வரும். மேலே செங்குத்தாகவோ, இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் விங்லெட்டை ஒட்டியோ நிறுத்துங்கள். கன்ட்ரோல் ரிசீவரை அதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மறு இறக்கையில் வையுங்கள். இறக்கையில் இவற்றுக்கான குழிகள் வெட்டித் தந்திருக்கும் விங், கத்தியெடுத்து நீங்களே வெட்ட வேண்டிய விங்கைவிட ஒரு படி மேல்.

விங்லெட் சிறிதாக இருந்தால் மூக்கு இடமும் வலமும் ஆடும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது, காகிள்ஸ் போட்டவருக்குத் தலை சுற்றும். வேக விங்குகளில் விங்லெட்டைச் சிறியதாக வைத்திருப்பார்கள். மெதுவாகப் பறந்து ஊர் பார்க்க நினைப்பவர் பெரிய விங்லெட் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காந்தத்திலோ திருகிலோ கழற்றி மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் முதலில் உடைவது அதுதான்.

சிக்னல் அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பறக்கும் முன் முடிவு செய்துவிடுங்கள். ஜிபிஎஸ் இருந்தால் வீடு திரும்பும் வசதியை வைத்து, அதைக் கிட்டத்திலேயே, போதிய உயரத்தில், நீங்களே சுவிட்ச் போட்டுச் சோதித்துப் பாருங்கள். ஜிபிஎஸ் இல்லாவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும், எலிவான் ஒரு துளி மேலே, கொஞ்சம் திரும்பியபடி. எங்கோ தொலைவுக்குப் போவதைவிட வட்டமடித்து இறங்குவது மேல். காகிள்ஸ் போடுபவர் பக்கத்தில் வெறும் கண்ணால் விங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது, 120 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பதும் பரவலான விதி. விதிக்காக இல்லாவிட்டாலும் அந்த ஆள் வேண்டும். திரையில் பறவையும் தெரியாது, பக்கவாட்டில் வரும் இன்னொரு விமானமும் தெரியாது. "இடதுல ஒரு பருந்து சுத்துதுடா, மேல ஏறு" என்று சொல்லும் குரல் என் விங்கை ஒரு தடவையாவது காப்பாற்றியிருக்கிறது.

இறக்குவது எறிவதைவிடச் சுலபம், ஆனால் இடம் அதிகம் வேண்டும். விங் தரைக்கு அருகில் வந்ததும் காற்று மெத்தையில் மிதப்பது போல நீண்ட தூரம் போய்க்கொண்டே இருக்கும். முதல் சில தடவை நான் குறித்த இடத்தைத் தாண்டி, எதிர்ப்பக்க வேலியில்தான் போய் நின்றேன். மோட்டாரை நிறுத்தி, வெகு தூரத்திலிருந்தே தாழ்வாக வந்து, கடைசியில் மட்டும் மெல்ல மூக்கைத் தூக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் வேகம் செத்து ஒரு இறக்கை சட்டென்று விழும்.

மூன்றாவது விங் இப்போது என்னிடம் இருப்பது. இபிஓ, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பெரிய வயிறு, பெரிய விங்லெட். வாங்கும் முன் பேட்டரியின் நீள அகலத்தை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போய், குழிக்குள் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். விற்பவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். லிப்போ எங்கே நிற்க வேண்டும், லித்தியம் அயான் எங்கே நிற்க வேண்டும் என்று உள்ளே மார்க்கரில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அடியில் சி.ஜி. இடத்தில் இரண்டு சின்ன மேடு. ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் தூக்கிப் பார்க்காமல் எறிவதில்லை. மூக்கு ஒரு துளி தாழ்ந்து நின்றால்தான் திருப்தி. அடிப்பக்கம் அடர் நிறத்தில் இரண்டு பட்டை ஒட்டியிருக்கிறேன், மேகமூட்டத்தில் எது மேல் எது கீழ் என்று தெரிவதற்கு.

முதல் விங்கின் துண்டுகள் ஒரு சாக்கில் கிடக்கின்றன. ஃபோம் வேண்டும்போதெல்லாம் அதிலிருந்துதான் வெட்டிக்கொள்கிறேன். மூன்றாவது விங்கின் வயிற்றில் ஒட்டிய பிடிமானம் அதன் இடது இறக்கையிலிருந்து வந்தது. கேமராவுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைத்திருக்கும் தடுப்பு, அன்று மண்ணில் குத்தி நசுங்கிய அந்த மூக்கு. வெந்நீர் ஊற்றி நிமிர்த்தி, அளவுக்கு வெட்டிச் செருகியிருக்கிறேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.